சித்த ஸ்வாதீனமும் சாசனமும்

குடிவெறியிலிருப்பவன், பித்தேறியவன், துன்பத்தால் நிலைகுலைந்தவன், பாலன், தள்ளாத முதியவன் ஆகியோர் செய்துகொண்ட வியவகாரம் செல்லாது என்று மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் விதித்திருக்க, இங்கிலாந்திலோ, தனக்குச் சித்தப்பிரமை இருந்ததென்று ஒருவன் தானே நியாயஸ்தலத்தில் சொல்லித் தன் உடன்படிக்கையிலிருந்து விடுபட முடியாது என்னும் நியதி, 1603-இல் பெவர்லி வழக்கில் உறுதிபெற்று நெடுங்காலம் நிலவிவந்தது. அவன் இறந்தபின் அவனுடைய வாரிசு அதைச் சொல்லலாம். உயிரோடிருந்து நஷ்டப்படுகிறவன் மட்டும் வாய் திறக்கலாகாது. இத்தனை கொடிய விதியை நியாயம் என்று எப்படித்தான் ஏற்றார்களோ!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு நீதிபதிகள் இதைத் தளர்த்தினார்கள் என்றாலும், 1892-இல் இம்பீரியல் லோன் கம்பெனிக்கும் ஸ்டோன் என்பவருக்கும் நடந்த வழக்கிலே, சித்தப்பிரமை கொண்டவனுடைய நிலை எதிர்க்கட்சிக்குத் தெரிந்திருந்தது என்று ருஜுவானாலன்றிக் கையெழுத்து அவனைக் கட்டும் என்றே தீர்ப்பாயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமோ வேறு வழி சென்றது. கையெழுத்திடும் அந்த வேளையில், செய்வது இன்னதென்று அறிந்து, தன் நன்மை தீமைகளைச் சீர்தூக்கும் சக்தி ஒருவனுக்கு இருந்ததா என்பதையே அதன் 12-ஆம் பிரிவு கேட்கிறது. சக்தி இல்லையெனில், எதிரி அறிந்தானா அறியவில்லையா என்ற விசாரணைக்கே இடமின்றி, அது ஒப்பந்தமாகாமற் போகிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இருப்பவன்கூட இடையிடையே புத்தி தெளியும் வேளைகளில் ஒப்பந்தம் செய்யலாம்; ஜுரவேகத்தில் பிதற்றுகிற அறிவாளி செய்ய முடியாது. மனிதன்மீது முத்திரை குத்தாமல் அவனுடைய அந்த நேரத்து அறிவை மட்டும் ஆராயும் இந்த விவேகத்தை நான் மனமாரப் போற்றுகிறேன்.

1957-இல் பாட்னா உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றில், ஏறக்குறைய 25,000 ரூபாய் பெறுமான சொத்தை 7,000 ரூபாய்க்கு விற்றிருந்தவர் பிறவியிலேயே புத்திக்குறைவுள்ளவர் என்று அவருடைய தாயார் நிரூபிக்க, கிரயம் செல்லாதாயிற்று. ஒருவன் பார்வைக்குச் சாதாரணமாக நடந்துகொண்டாலும், தன் செயலின் பலனை எடைபோடும் திறன் அவனுக்கு இல்லாதிருக்கக்கூடும் என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கிற்று.

நம் பத்திர எழுத்தர்கள் “சுய நினைவுடனும் ஸ்திர புத்தியுடனும்” என்று வழக்கமாக எழுதும் வாசகம் அந்தத் திறனுக்குச் சாட்சியாகிவிடாது. ஆகவே, வீட்டுப் பெரியவரிடம் கைநாட்டுப் பெறுமுன், பத்திரத்தை அவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டி, எதை, யாருக்கு, என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.