அறுவைக்கு முந்திய நாட்கள்

மாணவ நண்பர்களே, வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருகின்றன. நோயாளி படுக்கும் கட்டிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. படுத்திருப்பதே நலம் தரும் என்று மருத்துவம் நெடுங்காலம் நம்பிற்று. அந்த நம்பிக்கையிலிருந்து அது மீண்ட கதையே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். அதை என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரம் என் ஊர். எழுபது வயது வரையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்த என் பெரியம்மாவுக்குக் குடலில் கட்டி கண்டது. ஒரு மாதம் கழித்து அறுவை செய்வதென்று நாள் குறித்தார்கள். அன்று முதல் நாங்கள் அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. "நீங்க படுங்க பெரியம்மா, குடத்தை நான் எடுக்கிறேன்" என்று முந்திக்கொண்டவன் நானே. "சும்மா கிடந்தா காலு செத்துப்போகும்டா" என்றார் அவர். நாங்கள் கேட்கவில்லை. அறுவை நன்றாகவே முடிந்தது. ஆயினும் தாமாக எழுந்து வாசல் வரை நடக்க அவருக்கு ஐந்து மாதங்கள் ஆயின. பின்னர் அவர் மலை ஏறவே இல்லை. அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதைப் பிற்காலத்தில் படித்தே அறிந்தேன்.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நோயாளியை ஈதர் ஆவி முகரச் செய்து அறுவை செய்து காட்டினார்கள். அதன்பின் வயிற்றையும் மார்பையும் திறக்கும் பேரறுவைகள் மெல்ல மெல்லக் கைகூடின. 1860 முதல் 1862 வரை லண்டனில் சொற்பொழிவாற்றிய ஜான் ஹில்டன் என்ற அறுவை மருத்துவர், காயம் ஆறுவதற்கு ஓய்வே பெருந்துணை என்று வற்புறுத்தினார். அவ்வெண்ணம் வழக்கமாக வேரூன்றிற்று. அறுவை முடிந்தவரை வாரக்கணக்கில் கிடத்தி வைத்தார்கள்.

மாற்றுக் குரல்களும் எழாமலில்லை. நோயாளிகளை விரைவில் எழுப்பி நடக்கச் செய்யலாம் என்று 1899இல் சிக்காகோவில் எமில் ரீஸ் எழுதினார், கேட்டவர் சிலரே. 1935 முதல் லண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், தீராநோயினர் என்று கைவிடப்பட்டுக் கிடந்த முதியோரை மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர் எழுந்து நடக்கவைத்தார். பலர் வீடு திரும்பினர். 1947இல் ரிச்சர்டு ஆஷர், படுக்கையின் தீமைகளை அடுக்கி ஒரு கட்டுரையே எழுதினார்.

பிறகு அளவைகள் வந்தன. 1966இல் டல்லஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் இருக்கச் செய்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடியும் அளந்தபோது, முப்பதாண்டு முதுமை அவர்களுடைய உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை மிகுதியாகக் குறைத்திருந்தது தெரியவந்தது. நலமுள்ள முதியோர் பத்தே நாள் படுத்திருந்தால் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைகிறது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

இவை யாவும் படுக்கையின் கேட்டைப் பற்றியன. அறுவைக்கு முன்பே உடலைப் பழக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு நம் தமிழகத்திலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 1940களின் இறுதியில் வேலூரில் பால் பிராண்டு என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். இவ்வகை அறுவைக்கு முன்னர், விறைத்த விரல்களை எண்ணெய் தேய்த்தும், மெழுகு ஒத்தடம் கொடுத்தும், பயிற்சி செய்வித்தும் இளக்குவார்கள். இடம் மாறப்போகும் தசையைத் தனியே இயக்கவும் நோயாளிக்குக் கற்பிப்பார்கள். கத்தி படுமுன் கை பாடம் கற்றுக்கொண்டது.

கைக்குப் பொருந்தியது தளர்ந்த முதியவரின் முழு உடலுக்கும் பொருந்துமா? பேரறுவைக்குப் பின் உடல் வழக்கத்தைவிட மிகுதியான உயிர்வளியை நாடுகிறது. புண் ஆறுவதற்குத் தசையிலுள்ள புரதத்தையும் எடுத்துச் செலவிடுகிறது. போடிமெட்டு ஏற்றத்தைக் கால்நடையாக ஏறுவது போன்ற உழைப்பு அது. கையிருப்பு இல்லாதவர் நடுவழியில் களைத்துப்போவார். தொண்ணூறு வயதிலும் அந்தக் கையிருப்பைச் சேர்க்க முடியும் என்பதை 1990இல் பாஸ்டனில் கண்டார்கள். எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்த முதியோரின் வலிமை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது.

2014இல் மாண்ட்ரீல் மருத்துவர்கள், குடல் அறுவைக்குக் காத்திருந்த 77 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் அறுவைக்கு நான்கு வாரம் முன்பே வீட்டில் நடைப்பயிற்சியும் தசைப்பயிற்சியும் புரத உணவும் மன அமைதிப் பயிற்சியும் தொடங்கினர். மறு பிரிவினர் அறுவைக்குப் பின்னரே தொடங்கினர். எட்டு வாரம் கழித்து, பழைய நடைத்திறனை மீண்டும் பெற்றவர் முதற்பிரிவில் நூற்றுக்கு 84 பேர். மற்றதில் 62 பேர்.

ஆனால் 2022இல் வெளியான ஒட்டாவா ஆய்வு நம்மை எச்சரிக்கிறது. புற்றுநோய் அறுவைக்குக் காத்திருந்த தளர்ந்த முதியோருக்கு வீட்டுப் பயிற்சி தந்தபோது, மொத்தத்தில் தெளிவான நன்மை தெரியவில்லை. பலர் பயிற்சியை முழுமையாகச் செய்யவில்லை. ஒழுங்காகச் செய்தவர்களிடம் நலன் தென்பட்டது. அவர்கள் முன்னரே சற்று வலியவர்களாகவும் இருந்திருக்கலாம். எனவே பயிற்சியை எழுதிக்கொடுத்தால் மட்டும் போதாது. நாள்தோறும் உடனிருந்து செய்விக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தில், உடலியக்கப் பயிற்சி தருவோரும் வீடு தேடி வருகின்றனர். அவர்கள் வந்து போன பின் எஞ்சுவோர், மாணவர்களே, நீங்கள்தாம். வீட்டில் ஒரு முதியவர் அறுவைக்குக் காத்திருந்தால், அவர் எவ்வளவு நடக்கலாம், எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து அமரலாம், என்ன உண்ணலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். இதயநோயும் வேறு நோய்களும் உள்ளவர்க்கு அளவு வேறுபடும். பிறகு அருகில் நின்று எண்ணுங்கள்.

என் பெரியம்மாவின் கையிலிருந்து குடத்தை வாங்கிய நாளை இன்றும் நினைக்கிறேன். மருத்துவரைக் கேட்டு, அவர் சரி என்றிருந்தால், பாதி நீர் மொண்ட குடத்தை அவரிடமே கொடுத்து உடன் நடந்திருக்கலாம்.