கான்செர்டினாப் பொத்தானின் உயரமும் இறக்கமும்

சார்லஸ் வீட்ஸ்டோன் என்னும் பெயரை மாணவர் உலகம் மின்தடையை அளக்கும் சமனச்சுற்றின் வாயிலாகவே அறியும். அச்சுற்றை முதலில் கண்டவர் சாமுவேல் கிறிஸ்டி. 1843-இல் அதனைப் பலரறியச் செய்தவரே வீட்ஸ்டோன். ஆயினும் அவருக்கே உரிய ஆக்கம் ஒன்று உண்டு. அதுவே கான்செர்டினா என்னும் கைத்துருத்தி இசைக்கருவி.

இசைக்கருவி வணிகக் குடும்பத்தில் வந்த அவர், 1829-இல் வாயால் ஊதும் சிம்போனியம் என்னும் சிறு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் இரு பக்கங்களிலும் பொத்தான்கள் இருந்தன. வாய்க்காற்றுக்கு மாற்றாகத் துருத்தி வந்தபோது கான்செர்டினா பிறந்தது. ஆர்மோனியத்தைப் போலவே இதிலும் உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலி தருகின்றன. நாக்கின் தரத்தைப் பலரும் பேசுவர்; விரலுக்கும் நாக்குக்கும் இடையே நிற்கும் பொத்தானைப் பேசுவோர் சிலரே. விரைந்து வாசிக்க இயலுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அப்பொத்தானே.

பொத்தானை அழுத்தினால் நெம்புகோலின் ஒரு முனை தாழ்கிறது. மறுமுனையிலுள்ள தோல் மூடி துளையை விட்டு உயர்கிறது. துளை விட்டத்தின் கால்பங்கு அளவு மூடி உயர்ந்தால், சுற்றிலும் உண்டாகும் இடைவெளி துளையின் பரப்புக்குச் சமமாகும் என்பது வடிவகணிதம். அதனினும் குறைந்தால் ஒலி அடைபட்டு ஒலிக்கும். தாழ்ந்த சுரங்களின் துளைகள் பெரியவையாதலின் அவற்றின் மூடிகள் மேலும் உயர வேண்டும். தாங்குகாலைப் பொத்தானுக்கு அருகே நகர்த்தினால் சிற்றிறக்கமே போதுமாயினும் விரலுக்குப் பளு மிகும். வில்லைத் தளர்த்திப் பளுவைக் குறைக்கலாமே எனின், அதுவும் எளிதன்று. துருத்தியைச் சுருக்குங்கால் உள்ளிருக்கும் காற்று மூடியைத் தூக்க முயலும். தளர்ந்த வில் அதனைத் தடுத்து நிறுத்தாது.

உயரத்தின் செய்தி வேறு. முழுதும் அழுத்திய பொத்தான் மேற்பலகைக்குச் சற்று மேலேயே நிற்றல் வேண்டும். பலகைக்குக் கீழே அமிழ்ந்தால் விரல்நுனி துளையின் விளிம்பில் முட்டும். மிக உயர்ந்து நின்றாலோ, அடுத்த பொத்தானுக்குத் தாவும் விரல் ஒவ்வொரு முறையும் ஒரு மதிலை ஏறிக் கடக்க வேண்டியதாகும்.

வீட்ஸ்டோன் அமைத்த ஆங்கில முறையில் துருத்தியை விரித்தாலும் சுருக்கினாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். 48 பொத்தான்கள் கொண்ட கருவியே பெருவழக்கு. செர்மனியின் கெம்னிட்சில் கார்ல் உலிக் 1834-இல் செய்த கருவியிலோ ஒரே பொத்தான் இரு சுரம் தரும். அவ்வழி வந்த ஆங்கிலோ வகை, அயர்லாந்தின் கிளேர் வட்டாரத்து ஆடலிசையில் நிலைபெற்றது. கில்ரஷ் நகரின் எலிசபெத் குரோட்டி (1885–1960) அவ்விசையால் புகழ்பெற்றவர். இங்கே துருத்தி ஓயாமல் திசை மாறுகிறது. மாறும் கணத்திற்குள் மூடி முழுதும் திறந்திருக்க வேண்டும். இறக்கம் நீண்டால் தாளம் பின்தங்கும். உள்ளங்கை வாரினுள் கட்டுண்டு ஒரு கட்டையின் மேல் தங்குவதால், அக்கட்டையின் உயரத்தோடு பொத்தானின் உயரமும் பொருந்தியாக வேண்டும். ஆங்கில முறையிலோ கட்டைவிரல் வாரிலும் சிறுவிரல் உலோகத் தாங்கியிலும் இருப்பதால், கையை ஓரளவு நகர்த்திக்கொள்ளலாம்.

சுவிட்சர்லாந்திலிருந்து வந்து வீட்ஸ்டோனுக்காக உழைத்த லூயி லாஷெனல், பின்னர்த் தம் பெயரிலேயே கருவிகள் செய்தார். அவை மலிவாகப் பரவின. நெம்புகோலைத் தாங்குகாலில் கொக்கிபோல் மாட்டி வில்லின் விசையால் நிறுத்துவது அவற்றின் முறை. வீட்ஸ்டோன், செப்ரீசு நிறுவனங்களின் சிறந்த கருவிகளில் நெம்புகோல் தறையப்பட்டிருக்கும். கொக்கி முறை தேயுந்தோறும் ஆட்டமும் ஓசையும் மிகும். தறைந்தது நெடுங்காலம் ஒரே சீராக இயங்கும்.

பழங்கருவியைச் செப்பனிடுவோர் ஒன்றை நன்கறிவர். நைந்த மூடிக்குப் பதிலாகத் தடித்த புதுமூடியை ஒட்டினால், நெம்புகோலின் மூடிமுனை உயர்ந்து பொத்தான்முனை தாழ்ந்துவிடும். பொத்தான் குட்டையாகி அதன் இறக்கமும் குறையும். எனவே ஒவ்வொரு நெம்புகோலையும் இம்மியளவு வளைத்து, எல்லாப் பொத்தான்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என விரலால் தடவிப் பார்ப்பர்.