நிகழ்பட ஆட்ட மோட்

நிகழ்பட ஆட்ட மோட் அல்லது ஆட்ட மாற்றியமைப்பு என்பது, ஏற்கனவே வெளியான ஒரு நிகழ்பட ஆட்டத்தின் விதிகளையோ, தோற்றத்தையோ, உள்ளடக்கத்தையோ ஆட்டக்காரர்களே மாற்றியும் விரித்தும் வெளியிடும் ஆக்கம் ஆகும். மாற்றம் எனப் பொருள்படும் மாடிஃபிகேசன் என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே மோட் என்பதாகும். இவற்றை உருவாக்குவோர் மோட் ஆக்குநர்கள் எனப்படுவர். மோட்களில் பெரும்பாலானவை ஓய்வு நேரத்தில் உருவாக்கப்பட்டு இலவசமாக வழங்கப்படுபவை. பொதுவாக, மூல ஆட்டம் இல்லாமல் மோட் தனித்து இயங்காது. எனவே மோட் ஆக்குநரின் உழைப்பு, அவருக்கு உரிமையில்லாத ஒரு மென்பொருளின் மீது கட்டப்படுகின்றது. மோட் தொடர்பான சட்ட, பொருளாதாரச் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுவே அடிப்படையாகும்.

வகைகள்

மோட்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

தோற்ற மோட்கள்: படங்கள், ஒலிகள், முப்பரிமாண உருவங்கள் ஆகியவற்றை மட்டும் மாற்றுபவை.
உள்ளடக்க மோட்கள்: புதிய இடங்கள், கதைமாந்தர்கள், பணிகள், கருவிகள் ஆகியவற்றைச் சேர்ப்பவை.
திருத்த மோட்கள்: ஆட்டத்தில் எஞ்சியுள்ள வழுக்களை நீக்குபவை.
மொழிபெயர்ப்பு மோட்கள்: ஆட்டத்தின் உரையை வேறு மொழிக்கு மாற்றுபவை. 2006 இல் யப்பானில் வெளியான மதர் 3 ஆட்டத்தை ஆர்வலர்கள் 2008 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டமை நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.
முழு மாற்ற மோட்கள்: மூல ஆட்டத்தின் பொறியை மட்டும் பயன்படுத்தி, ஏறத்தாழப் புதிய ஆட்டம் ஒன்றையே உருவாக்குபவை.

வரலாறு

ஆப்பிள் 2 கணினிக்கு 1981 இல் வெளியான காசில் வுல்ஃபென்சுடைன் ஆட்டத்தில் நாட்சிப் படைவீரர்களுக்குப் பதிலாகச் சுமர்ஃப் கேலிச்சித்திர மாந்தர்களை அமைத்து 1983 இல் உருவாக்கப்பட்ட காசில் சுமர்ஃபென்சுடைன், தொடக்ககால மோட்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

1993 திசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட டூம் ஆட்டம் ஒரு திருப்புமுனையாகும். இதில் ஆட்டத்தை இயக்கும் நிரல் ஒரு கோப்பிலும், வரைபடங்கள், உருவங்கள், ஒலிகள் முதலியன வாட் எனப்படும் தனிக் கோப்பிலும் வைக்கப்பட்டன. மூல நிரலைத் தொடாமலே புதிய நிலைகளை உருவாக்க இது வழிசெய்தது. இலவசமாக வெளியிடும் நோக்குடன் ஆர்வலர் குழு ஒன்று உருவாக்கிய நிலைத் தொகுப்பை ஐடி நிறுவனமே விலைக்கு வாங்கி, 1996 இல் ஃபைனல் டூம் என்னும் விற்பனை வெளியீட்டின் ஒரு பகுதியாக வெளியிட்டது.

1996 இல் குவேக் ஆட்டத்துக்கு ஆத்திரேலிய ஆர்வலர்கள் உருவாக்கிய டீம் ஃபோர்ட்ரெசு, 1999 இல் ஆஃப்-லைஃப் ஆட்டத்துக்கு மின் லீ, செசு கிளிஃப் ஆகிய இருவர் உருவாக்கிய கவுண்டர்-சுட்ரைக் ஆகிய மோட்களின் ஆக்குநர்களை வால்வ் நிறுவனம் பணிக்கு அமர்த்தியது. வார்கிராஃப்ட் 3 ஆட்டத்துக்கு 2003 இல் உருவாக்கப்பட்ட டோட்டா என்னும் வரைபடத்தின் வழியில் லீக் ஆஃப் லெசன்ட்சு (2009), டோட்டா 2 (2013) ஆகிய பெரும் ஆட்டங்கள் தோன்றின. பப்சி (2017) ஆட்டத்தை வடிவமைத்த பிரெண்டன் கிரீன், அதற்கு முன் ஆர்மா ஆட்டங்களுக்கு மோட் உருவாக்கியவர் ஆவார். 2015 இல் நிக் பியர்சு உருவாக்கிய தி ஃபர்காட்டன் சிட்டி என்னும் சுகைரிம் மோட் ஆத்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்று, 2021 இல் தனி ஆட்டமாகவும் வெளியானது.

செயற்படும் முறை

ஒரே ஆட்டத்தில் பல மோட்களை ஒருங்கே நிறுவும்போது, எது முதலில் ஏற்றப்படுகின்றது என்பது முக்கியமானது. இரு மோட்கள் ஒரே தரவை மாற்றினால், பொதுவாகப் பின்னர் ஏற்றப்படுவதே செல்லுபடியாகும். இம்முரண்களைக் கையாள மோட் ஆர்கனைசர், வோர்டெக்சு போன்ற மேலாண்மைச் செயலிகள் பயன்படுகின்றன.

சில மோட்கள் தரவுக் கோப்புகளுடன் நில்லாமல், இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தையே மாற்றுகின்றன. நிறுவனம் ஆட்டத்தை இற்றைப்படுத்தும்போது நினைவக முகவரிகள் மாறிவிடுவதால், இத்தகைய மோட்களும் இவற்றைச் சார்ந்த பிற மோட்களும் செயலிழக்கின்றன. ஃபால்அவுட் 4 ஆட்டத்துக்கான ஃபால்அவுட்: இலண்டன் என்னும் பெரிய மோட் 2024 ஏப்பிரல் 23 அன்று வெளியாகவிருந்தது. ஏப்பிரல் 25 அன்று ஆட்டத்தின் இற்றைப்படுத்தல் வருவதாக அறிவிக்கப்பட்டதால், அது தள்ளிவைக்கப்பட்டு யூலை 25 அன்றே வெளியானது. அதனை விளையாட ஆட்டத்தின் பழைய பதிப்பு தேவைப்பட்டது.

சட்ட நிலை

தியூக் நியூக்கெம் 3டி ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் உருவாக்கி இலவசமாகப் பகிர்ந்த 300 நிலைகளை மைக்ரோ சுடார் என்னும் நிறுவனம் தொகுத்துக் குறுவட்டில் விற்றது. 1998 இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இவை மூல ஆட்டத்தின் வழிவந்த ஆக்கங்கள் எனக் கருதி, உரிமையாளரான ஃபார்ம்சென் நிறுவனத்துக்குச் சார்பாக முடிவு செய்தது. வழக்கு இரு நிறுவனங்களுக்கு இடையே நிகழ்ந்தது. நிலைகளை உருவாக்கிய ஆட்டக்காரர்கள் அதில் தரப்பினர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று மோட் ஆக்குநரின் உரிமை, பெரும்பாலும் ஆட்டத்தின் உரிம ஒப்பந்தத்தைப் பொறுத்தே அமைகின்றது. மைன்கிராஃப்ட் ஒப்பந்தம், முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட மோட் அதன் ஆக்குநருக்கே உரியது என ஏற்கின்றது. எனினும் அதனை விற்க இசைவதில்லை. இதற்கு மாறாக, 2020 இல் வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ச்டு வெளியானபோது, ஆட்டக்காரர் உருவாக்கும் வரைபடங்கள் தனக்கே உரியவை எனப் பிளிசர்டு நிறுவனம் அறிவித்தது.

ஊதியம் பற்றிய விவாதம்

2015 ஏப்பிரல் 23 அன்று வால்வ், பெதசுடா ஆகிய நிறுவனங்கள் சுகைரிம் மோட்களை விலைக்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கின. விலையில் 25 விழுக்காடு ஆக்குநருக்கும், எஞ்சிய 75 விழுக்காடு நிறுவனங்களுக்கும் சென்றன. ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்ததால், நான்கு நாட்களில் திட்டம் கைவிடப்பட்டுப் பணமும் திருப்பியளிக்கப்பட்டது. இவ்விவாதத்தில் இரு கருத்துகள் மோதின. மோட்கள் ஒன்றையொன்று சார்ந்து பொதுவில் வளர்ந்தவை, அவற்றைத் தனித்தனியே விற்றால் பகிரும் பண்பு அழியும் என்பது ஒன்று. பல்லாயிரம் பேருக்குப் பயன்படும் உழைப்புக்கு ஊதியம் கோருவதில் தவறில்லை என்பது மற்றொன்று.

பின்னர் வேறு வழிகள் கையாளப்பட்டன. பெதசுடா 2017 இல், தேர்ந்தெடுத்த ஆக்குநர்களுக்கு ஊதியம் கொடுத்து உருவாக்கப்பட்டவற்றை விற்கத் தொடங்கியது. நெக்சசு மோட்சு தளம் 2018 இல், பதிவிறக்க எண்ணிக்கைக்கு ஏற்ப ஆக்குநர்களுக்குப் புள்ளிகள் வழங்கி, அவற்றைப் பணமாக மாற்றிக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் ஆட்டக்காரர் மோட்டுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆக்குநர்களுக்கு ஆதரவு

நேரடி நன்கொடை ஆதரவின் ஒரு வகை மட்டுமே ஆகும். ஒரு மோட்டைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலானோர் அதன் ஆக்குநருக்கு எதுவும் எழுதுவதில்லை. எழுதுவோரில் பலர் அது இயங்காதபோது எழுதுவோர் ஆவர். இதனால் ஏற்படும் சோர்வு, மோட்கள் பராமரிப்பின்றிக் கைவிடப்படுவதற்கு ஒரு காரணமாகும். பின்வருவன பணமின்றியும் செய்யத்தக்க உதவிகள்.

ஆட்டத்தின் பதிப்பு, நிறுவிய மோட்களின் பட்டியல், பிழைப் பதிவுக் கோப்பு ஆகியவற்றுடன் வழுக்களைத் தெரிவித்தல்.
விளக்கக் குறிப்பை முழுமையாகப் படித்த பின்னரே வினவுதல்.
வெளியீட்டுக்கு முன் சோதித்து உதவுதல். உரையை மொழிபெயர்த்துக் கொடுத்தல்.
பிறர் ஆக்கத்தைப் பயன்படுத்துமுன் இசைவு பெறுதல், பெயர் குறிப்பிடுதல்.

பாதுகாப்பு

மோட்களும் நிரல்களே ஆதலால், அவற்றின் வழியாகத் தீநிரல்கள் பரவக்கூடும். 2023 யூனில், மைன்கிராஃப்ட் மோட்கள் சிலவற்றில் ஃபிராக்சரைசர் என்னும் தீநிரல் நுழைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அது சேமித்த கடவுச்சொற்களையும் கணக்கு விவரங்களையும் திருடக்கூடியதாக இருந்தது. ஆர்வலர்களே ஒன்றுகூடி அதனைப் பகுப்பாய்ந்து, கண்டறியும் கருவிகளை இலவசமாக வெளியிட்டனர்.