மண்ணுக்குள் ஒரு மாநகர்

சென்னையின் அகவையை 1639ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுவது வழக்கமாகிவிட்டது. அது ஆங்கிலேயர் கோட்டைக்கு நிலம் பெற்ற ஆண்டேயன்றி, ஊர் பிறந்த ஆண்டன்று. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. நகரத்தினும் அதன் பேட்டைகள் மூத்தவை என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

பல்லாவரத்தின் தொன்மை இன்னும் ஆழமானது. 1863 மே 30ஆம் நாள், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் அங்கே செம்பூரான் சரளை மண்ணிடையே பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்தே தொடங்கியது எனலாம். அந்நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ அவ்வூரிலேயே சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டறிந்தார். குன்றின்மேல் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறித்த குடைவரையும் உண்டு. கற்காலமும், ஈமக்காலமும், பல்லவர் காலமும் ஓரூரிலே அடுக்கடுக்காய் அமைந்துள்ளன.

கோட்டைக்கு வடக்கே வேறொரு வகை அடுக்கு உள்ளது. இன்று உயர்நீதிமன்ற வளாகம் விளங்கும் பகுதியில் ஒருகாலத்தில் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749இல் அது ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டுமென்ற போர்க்கணக்கில் வீடுகள் அகற்றப்பட்டன. 1757இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது; பின்னர் பூக்கடைப் பகுதியில் அது மீண்டும் எழுந்தது. புதிய நகரைக் காக்க எழுப்பிய மதிலும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதற்கென விதிக்க எண்ணிய வரியின் நினைவு மட்டும் 'வால்டாக்ஸ் சாலை' என்னும் பெயரில் நிலைத்திருக்கிறது. கற்கள் போனபின்னும் பெயர்கள் சான்று கூறுகின்றன.

நம் சட்டங்களோ பெரிதும் கண்ணுக்குத் தெரிவதையே காக்கின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டம், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்தைத் தடுக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெறவேண்டும். அவ்வெல்லைக்குள் சிறுமனை வைத்திருப்பவரின் துயரத்தை நாம் எளிதாக எண்ணலாகாது. எல்லைக்கு வெளியிலோ, கடைக்கால் தோண்டும்போது தாழியொன்று தென்பட்டால், மனை பறிபோகுமோ என்ற அச்சத்தால் அதை உடைத்து மூடிவிடத் தோன்றுவது இயல்பே. ஆகவே அச்சத்தை வளர்ப்பதால் தொன்மை காக்கப்படுவதில்லை.

செய்யத்தக்கது யாது? பேட்டைதோறும் தொல்லியல் முதன்மையைத் தரம் பிரித்து வரைபடம் வகுத்தல் வேண்டும். பழைய அகழாய்வுக் குறிப்பு, கல்வெட்டு, குளம், தெருப்பெயர் ஆகியவற்றை ஒருங்கே வைத்தால் எங்கே கவனம் தேவை என்பது புலப்படும். அவ்விடங்களில் கட்டட அனுமதிக்கு முன்னரே, அரசின் செலவில், குறுகிய கால ஆய்வு நடைபெறுதல் வேண்டும். ஆய்வு முடிந்ததும் காலந்தாழ்த்தாது உரியவரிடம் மனையை ஒப்படைத்தலும் வேண்டும். முன்கூட்டியே அறிந்தால் மனைக்காரருக்கும் இழப்பில்லை, வரலாற்றுக்கும் இழப்பில்லை.

பத்தாண்டுகளாக நம் வட்டம் ஏட்டிலுள்ள ஊர்களைப் போற்றி வந்திருக்கிறது. இனி உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் வாழும் தெருவின் பழம்பெயரையும், தூர்ந்த குளத்தையும், கேட்பாரற்றுக் கிடக்கும் எழுத்துக்கல்லையும் எழுதி வைப்பாராக. அவ்வரைபடத்தின் முதற்கோடு நம் கையிலிருந்தே தொடங்கட்டும்.