ஆயிரம் வருஷத்து டிரஸ்ஸில் ஹூக் எப்படி வந்தது?

போன மாதம் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. பரதநாட்டியம் ஆடுகிறாள். லம்பா லைனில் எங்கள் வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே நடன உடை. பைஜாமா, ரவிக்கை, மேலாக்கு, இடுப்புத் துணி, முன்னால் விரியும் விசிறி என்று ஐந்து உருப்படிகள். எல்லாவற்றிலும் ஹூக்கும் நாடாவும்.

மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது ஆயிரம் வருஷம் பழசுன்னு மிஸ் சொன்னாங்க. அப்ப ஹூக் எப்படிப்பா வந்துச்சு?"

பி.காம். படித்துவிட்டு பாங்கில் குப்பை கொட்டும் எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் கணக்கு இடிக்கிற இடத்தை விட்டுவிட மனசு வராது, தொழில் புத்தி. தேடிப் படித்ததில் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். வெளியூரில் பிள்ளைகளை டான்ஸ் கிளாஸுக்கு அனுப்பும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும்.

ஆட்டம் பழசுதான். ஆனால் இந்தத் தைத்த உடைக்கு வயது 90 சொச்சம்.

அதற்கு முன் இந்த ஆட்டத்துக்கு சதிர் என்று பெயர். ஆடியவர்கள் கோயிலோடும் அரண்மனையோடும் இருந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். உள்ளே பைஜாமா, மேலே கனமான சரிகைப் புடவையைச் சுற்றிக் கட்டி, முன்னால் கொசுவத்தை விட்டிருப்பார்கள். விசிறியைத் தனியாகத் தைக்கவில்லை. புடவையே விசிறிதான்.

1935 டிசம்பர் 30 அன்று அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் வைர விழாவில் ருக்மிணி தேவி அருண்டேல் மேடையேறினார். பிராமணக் குடும்பத்துப் பெண், அதுவும் கல்யாணமானவர், சதிர் ஆடுவதா என்று ஊரே பேசிய காலம். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் கற்றுக்கொண்டவர். பழைய உடை அவருக்குப் பிடிக்கவில்லை. கோயில் சிற்பங்களைப் பார்த்து, மேடம் கசான் என்ற ஐரோப்பியப் பெண்மணியின் தையல் உதவியோடு, புதிதாக ஒன்றை உருவாக்கினார். ஹூக் வந்தது அப்படித்தான். அடுத்த வருஷமே, 1936-ல், கலாக்ஷேத்ரா ஆரம்பமாகிவிட்டது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி கடைசிவரை புடவையைப் பழைய முறையில் சுற்றிக் கட்டித்தான் ஆடினார். அது அவர் வீட்டுச் சொத்து. அதை ஏன் மாற்ற வேண்டும்?

சரி, மேடைக்குப் போன உடை நம் வீட்டுக்கு எப்படித் திரும்பி வந்தது? கல்யாணப் பட்டு எடுக்கும்போது "கலாக்ஷேத்ரா பார்டர்" என்று கடைக்காரர் ஒன்றை விரித்துப் போடுவாரே, அதுதான். ருக்மிணி தேவி 1937-ல் கலாக்ஷேத்ராவிலேயே தறிகளைப் போட்டார். பழைய புடவைகளின் நிறங்களையும் கரைகளையும் பார்த்து மறுபடி நெய்ய வைத்தார். உடல் ஒரு நிறம், அகலமான கரை இன்னொரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து, இழைக்கு இழை கோப்பதற்குக் கோர்வை என்று பெயர். கைத்தறியில் இதற்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். நாட்டியம் பார்க்க வந்த பெண்கள் புடவையையும் பார்த்தார்கள். மீதியைச் சொல்ல வேண்டுமா?

நகை விஷயம் எங்கள் ஊர்ப் பக்கம். நாகர்கோவில் வடசேரியில் சாமிக்குச் செய்யும் நகைகள் பிரசித்தம். வெள்ளியில் செய்து, தங்கத் தகடு ஒட்டி, சிவப்புக் கெம்புக்கல் பதிப்பார்கள். நெத்திச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம். சாமியை மட்டும் நம்பியிருந்தால் அந்தத் தொழில் எப்படித் தாக்குப்பிடித்திருக்குமோ. நடனக்காரர்கள் வாங்கினார்கள். 2007-08 நிதியாண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்றைக்கு அதே செட் 'பிரைடல் செட்' என்ற பெயரில் வாடகைக்குக் கிடைக்கிறது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கே அபர்தீன் பஜாரில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். சுழன்றால் குடை மாதிரி விரியும் அனார்கலி, கதக் ஆடுகிறவர்களின் உடையோடு உறவுள்ளது. பக்கத்தில் தொங்கும் லெகிங்ஸ், மேல்நாட்டு நடனக்காரர்கள் காலோடு ஒட்டப் போட்டதன் வழி வந்தது. 1958-ல் டுபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் லைக்ரா இழையைக் கண்டுபிடித்த பிறகு அது இழுத்தால் நீளும் துணியானது. பிறகு உடற்பயிற்சிக்கூடம் வழியாகத் தெருவுக்கு வந்து, கடைசியில் நம் பெண்களின் குர்த்தாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. ஆபீஸுக்குப் போடும் தட்டை ஷூ கூட பாலே ஷூவின் தங்கைதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் தோல் காலணிக்கு ரேஷன் வந்தபோது, பாலே ஷூவுக்கு ரேஷன் இல்லை. கிளேர் மெக்கார்டெல் என்ற உடை வடிவமைப்பாளர் கபேசியோ கம்பெனியிடம் அதையே தெருவில் நடக்கிற மாதிரி செய்யச் சொன்னார்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தபோது அவள் இன்னொன்று கேட்டாள். "அப்ப முதல்ல கட்டியிருந்தவங்க என்ன ஆனாங்க?"

1947-ல் மெட்ராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். சிறுமிகளைப் பொட்டுக்கட்டுவது நின்றது, நல்லது. ஆனால் பல குடும்பங்கள் ஆட்டத்தையும் விட்டன, பரம்பரைப் பெயரையும் மறைத்து வாழ்ந்தன. ஆட்டம், நகை, புடவை எல்லாம் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. வரவு நம் பக்கம். யாரிடமிருந்து வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பாங்கில் இப்படி ஒரு பதிவு போட்டால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு உண்டு. என் அத்தைக்குச் சின்ன வயசில் டான்ஸ் என்றால் உயிர். "குடும்பத்துப் பொம்பளப் பிள்ளைக்கு ஆட்டம் என்னத்துக்கு?" என்று ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அந்தப் பெண்களைப் பற்றி ஆச்சி சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. அதே ஆச்சியின் கொள்ளுப்பேத்தி இரண்டு வருஷம் முன்னால் மணமேடையில் உட்கார்ந்தது நெத்திச்சுட்டியிலிருந்து ஒட்டியாணம் வரை முழு நாட்டிய செட்டோடு. எல்லோரும் "அம்மன் மாதிரி இருக்கா" என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

விழாவுக்கு முந்தின நாள் உடையைப் போட்டுப் பார்த்த மகளை வீடியோ காலில் அத்தைக்குக் காட்டினோம். தீவு நெட்வொர்க், படம் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. அத்தை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு குரல் வந்தது. "கொஞ்சம் அரைமண்டியில உக்காரு மக்ளே. அந்த விசிறி விரியுறத நான் பாக்கணும்."