கடாரமும் கந்தூரியும்

தமிழில் ‘கடாரம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நாம் வாழும் கெடா மாநிலத்தின் பழைய பெயர். 1025-ஆம் ஆண்டளவில் இராஜேந்திர சோழனின் கப்பற்படை இங்கு வந்ததால் இப்பெயர் சோழர் கல்வெட்டுகளிலும் ஏறியது. மற்றொன்று, ஊருக்கே சோறாக்கும் பெரிய பித்தளை அண்டா. இந்த இரண்டாவது கடாரத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன். நான் வரலாற்று ஆசிரியன் அல்லன். பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, சுங்கைப்பட்டாணியில் அரிசியும் மசாலாவும் விற்பவன். பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

விருந்தைக் குறிக்க நாம் ‘கந்தூரி’ என்கிறோம். மலாய்ச் சகோதரர்கள் ‘கெண்டுரி’ என்கிறார்கள். இரண்டும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. சோறு பரிமாற விரிக்கும் துணிக்கு அங்கே அந்தப் பெயர். நம்மவர்க்கு அது பெரும்பாலும் வலிமார்கள் பெயரால் நடக்கும் பொதுச்சோறு. மலாய்க்காரர்களுக்குக் கல்யாணம், புதுமனை, நேர்ச்சை எல்லாமே கெண்டுரிதான். துணி ஒன்று, அதில் உட்கார்ந்தவர்கள் பலர்.

1909-இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1915-இல் ரயில் அலோர்ஸ்டாரை எட்டியது. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துத் தமிழர்கள். நம்மவர்களில் பலர் கடை வைக்க வந்தார்கள். தோட்டத்து முனையில் ஒரு ‘காக்கா கடை’ இருக்கும். சம்பள நாள் வரை அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் கடன் புத்தகத்தில் ஏறும்.

என் வாப்பாவின் வாப்பாவும் அப்படிப்பட்ட ஒரு கடைக்காரர்தான். பெருநாளன்று அவர் வீட்டுக்கு லயத்துச் சனங்கள் எல்லாரும் வருவார்கள். அதனால் நெய்ச்சோற்றோடு ஆட்டுக்கறி மட்டுமே சமைத்தார்கள். பெருநாளானாலும் மாட்டிறைச்சி அந்த அடுப்பில் ஏறாது. கறியே சாப்பிடாத கங்காணி வீட்டுக்குத் தனிச் சட்டியில் சாம்பார் வெந்தது. யார் வரப்போகிறார்கள் என்று பார்த்துத்தான் என்ன ஆக்குவது என்று முடிவு செய்தார்கள். பதிலுக்குத் தீபாவளியன்று முறுக்கும் அதிரசமும் கடைக்கு வரும்.

பண்டிகைச் சமையல் ஒருவர் வேலையாக இருந்ததில்லை. வெங்காயம் உரிப்பது பெண்கள், அடுப்புக்கு ரப்பர் விறகு பிளப்பது இளைஞர்கள், அண்டா ஓரம் நிற்பது அனுபவம் உள்ள ஒருவர். ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் என்பது அவர்கள் கணக்கு. புது அரிசிக்குத் தண்ணீர் குறைவு, பழைய அரிசிக்குக் கூடுதல். மூடிமேல் தணல் அள்ளிப்போட்டுத் ‘தம்’ வைப்பார்கள். பிறகு சஹன் ஒன்றைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே முதலாளியும் கூலிக்காரரும் ஒரே தட்டில்தான் கை வைத்தார்கள்.

எல்லாக் காலமும் நெய்ச்சோற்றுக் காலம் அல்ல. ஜப்பானியர் வந்தபின் தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1943 அக்டோபரில் கெடா மீண்டும் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. நெல் விளையும் மாநிலத்திலேயே மரவள்ளிக்கிழங்கு தின்று பசியாறினார்கள். போர் முடிந்தும் அரிசி பங்கீட்டில்தான் கிடைத்தது. 1948-இல் அவசரகாலம் பிறந்ததும், காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போகக்கூடாதென்று தோட்ட வாசல்களில் சோதனை நடந்தது. அந்த நாட்களிலும் பெருநாள் வந்தது. இருக்கிற ஒரு படியைப் பத்து வீடு பங்கிட்டது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறி, வயல்களில் ஆண்டுக்கு இருபோகம் விளைந்த பிறகுதான் அண்டாக்கள் நிறையத் தொடங்கின.

இன்று கெடாவில் எந்த மலாய்க் கல்யாணத்துக்குப் போனாலும், ‘நாசி மிஞாக்’ அருகே ‘டால்சா’ இருக்கும். நாசி மிஞாக் என்பது நம் நெய்ச்சோறு. டால்சா என்பது நம் தால்ச்சா: எலும்பும் பருப்பும் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் புளியும் சேர்ந்த அதே குழம்பு. யாரும் அறிவிப்புச் செய்து கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு விருந்தில் உட்கார்ந்தவர்கள் வாயோடு கொண்டுபோனார்கள். நம் முன்னோர் இந்த மண்ணுக்குக் கொடுத்தவற்றில், பெயர்ப்பலகை இல்லாமல் நிற்பது இது.

இப்போது நிலைமை வேறு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்களைக் காக்க 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம்தான். பிறகு செம்பனை வந்தது, வீடமைப்புப் பகுதிகள் வந்தன, 1996-இல் கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் திறந்தது. லயத்து அண்டைவீட்டார் இன்று வேறு வேறு தாமான்களில் இருக்கிறார்கள். விருந்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், கேட்டரிங்காரர் கூடாரம் முதல் தட்டு வரை கொண்டு வந்துவிடுவார். வியாபாரியான நான் அதைக் குறை சொல்ல முடியாது, என் பிழைப்பும் அதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் சாமான் வாங்க வரும் இளம் தம்பதிகள் பலருக்கு, நூறு பேருக்கு எவ்வளவு அரிசி என்று தெரியவில்லை. திறந்த இல்ல உபசரிப்புக்கு வருபவர்களும் பெரும்பாலும் சொந்தங்களும் அலுவலக நண்பர்களும்தான். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் பட்டியலில் இருப்பதில்லை.

ஆகவே, பொன்விழா ஆண்டில் சங்கக் குடும்பங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். அண்டா பிடித்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் அளவுகளையும் கைப்பக்குவத்தையும் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். ஆண்டுக்கு ஒரு விருந்தையாவது கேட்டரிங் இல்லாமல் நாமே கூடி ஆக்குவோம். அன்று பழைய தோட்டத்து அண்டைவீட்டாரைத் தேடி அழைப்போம். மாட்டிறைச்சி இல்லாத அடுப்பும், கறியே இல்லாத தனிச் சட்டியும் முதலில் ஏறட்டும். வெங்காயம் உரிக்க ஆள் வேண்டுமென்றால், முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.