டயர் ஒரு பக்கம் தேய்கிறதா, வாகனம் இரைகிறதா? காரணத்தைக் கண்டறியும் வழிகள்

போருக்குப் பின் கடன்பட்டு வாங்கிய ஒரு வான் அல்லது பழைய காரில்தான் எங்கள் ஊர்களில் பல குடும்பங்களின் சீவியம் ஓடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இருக்கும் வாகனத்தையே காப்பாற்றி ஓட வேண்டிய நிலை பலருக்கு இன்னும் மாறவில்லை.

செய்தி சேகரிக்க வாடகை வான்களில் ஏ9 வீதியால் போய்வரும்போது சாரதிகளிடம் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு, "புது டயர் போட்டும் ஒரு பக்கம் தேயுது, வண்டி இரையுது" என்பதே. காரணத்தைத் திருத்தாமல் டயரை மட்டும் மாற்றினால் புதியதும் அப்படியே தேயும். ஆகவே கழற்ற முன்னர் பழைய டயரை நன்றாகப் பாருங்கள்.

தேய்வு சொல்லும் காரணம்

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூட. இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் சில்லின் சாய்வு அல்லது திசை பிழைத்திருக்கிறது. குறுக்காகத் தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் அரம் போலவும் இருந்தால், சில்லுகள் நேராக ஓடவில்லை. இடையிடையே குழி விழுந்திருந்தால் ஷொக் அப்சோபர் பழுது, அல்லது வீல் பலன்சிங் சரியில்லை.

பதித்த கார்கள்

ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் வளைவில் பிடிமானம் கிடைப்பதற்காகச் சில்லின் மேற்பகுதி சற்று உள்ளே சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் உள் ஓரம் கெதியாகத் தேயும். சாதாரண காரைப் பதித்து, அகலமான றிம் போடும் இளைஞர்களின் வாகனங்களிலும் இதுவே நடக்கிறது. வெளியே நின்று பார்த்தால் டயர் புதிதுபோல இருக்கும். உள்ளே கம்பி தெரியத் தொடங்கியிருக்கும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைத்து முன் டயர்களின் உள் ஓரத்தைப் பாருங்கள். பின் டயர்களைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

சத்தம் டயரிலா, பெயரிங்கிலா?

காப்பெற் வீதியிலிருந்து கரடான வீதிக்கு ஏறும்போது சத்தத்தின் தன்மை மாறினால், பெரும்பாலும் டயர்தான். வீதி மாறியும் மாறாமல், வளைவில் கூடிக் குறைந்தால் சில்லுப் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பெயரிங். அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரின் இரைச்சல், எலைன்மென்ட் செய்தவுடன் நின்றுவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வராமல் தடுக்க

மாதம் ஒருமுறையும் தூரப் பயணத்துக்கு முன்னரும், டயர் சூடாக முதல் காற்றைப் பாருங்கள். சரியான அளவு சாரதிப் பக்கக் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். ஜப்பான் வாகனங்களில் அது கிலோபஸ்கலில் இருக்கும்; 220 என்றால் ஏறத்தாழ 32 பிஎஸ்ஐ. டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதை அடிக்கக் கூடாது.

8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். முன்சில்லு இழுக்கும் கார்களில் முன் டயர்கள் நேரே பின்னுக்கும், பின் டயர்கள் பக்கம் மாறி முன்னுக்கும் வரவேண்டும். அம்புக்குறி உள்ள டயர் அதே பக்கத்திலேயே இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்ட வாகனங்களில் முன்-பின் மாற்றம் முடியாது.

பள்ளத்தில் பலமாக விழுந்தாலும், சில்லைத் தாங்கும் பாகங்களை மாற்றினாலும் எலைன்மென்ட் பாருங்கள். ஆட்டம் உள்ள புஷ், போல் ஜொயின்ற் போன்றவற்றை முதலில் திருத்தாவிட்டால் அந்தச் செலவு வீண்.

பாவித்த டயர் வாங்குவோர் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்கு இறங்கியதைக் காட்டும் சிறு மேடுகள் தவாளிப்புக்குள்ளேயே உண்டு. அந்த மட்டம் வரும்வரை காத்திருக்காமல் மாரிக்கு முன்னரே மாற்றுவது நல்லது. நனைந்த வீதியில் தேய்ந்த டயர் தண்ணீரின் மேல் வழுக்கும். அப்போது பிரேக் பிடித்தும் பயனில்லை.

கணினியில் எலைன்மென்ட் செய்யும் இடங்களில் முன்னைய, பின்னைய அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை டயர் தேய்ந்தால், காரணம் தேட அது உதவும்.